மூலம் எது, நகல் எது? ஒரு பிளேயரும் பல கணினிகளும்

வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த பாடல்களை ஒரு கையடக்க பிளேயரில் ஏற்றுவது கடினமான வேலையல்ல. கேபிளைச் செருகினால் போதும். அதே பிளேயரை அலுவலகக் கணினியிலோ புதிதாக வாங்கிய லேப்டாப்பிலோ செருகும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. பிளேயரில் இருப்பதைக் கணினிக்கு இறக்கலாமா? இரண்டு கணினிகளிலும் வெவ்வேறு பாடல்கள் இருந்தால் பிளேயர் எதைப் பின்பற்றும்? ஓரிடத்தில் நீக்கிய பாடல் மற்ற இடங்களிலும் நீங்க வேண்டுமா?

1998 முதல் இன்றுவரை நீதிமன்றம், நிறுவனங்கள், தன்னார்வ நிரலாளர்கள் என மூன்று தரப்பும் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பாட்டுக் கோப்புகளை இடம் மாற்றும் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அந்தப் பாடல்களைப் பற்றி நாம் சேர்த்த விவரங்களை, அதாவது பட்டியல்கள், மதிப்பீடுகள், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு ஆகியவற்றை இடம் மாற்றும் சிக்கல் இன்னும் தீரவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு என்று புரிந்துகொள்வதுதான் இந்த விஷயத்தில் முதல் படி.

ஒருவழிப் பாதையின் தொடக்கம்

1998-இல் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் அமெரிக்காவில் ரியோ பிஎம்பி300 என்ற எம்பி3 பிளேயரைக் கொண்டுவந்தது. அதன் நினைவகம் 32 எம்பி. சுமார் ஒரு மணி நேர இசைக்குத்தான் இடம். பிரின்டரைச் செருகும் பேரலல் போர்ட் வழியாகக் கணினியிலிருந்து பாடல்கள் ஏறும். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ உடனே வழக்குத் தொடர்ந்தது. 1992-ஆம் ஆண்டின் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டப்படி, டிஜிட்டல் பதிவுக் கருவிகளில் நகலெடுப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்க வேண்டும். அது ரியோவில் இல்லை என்பது அவர்கள் வாதம்.

1999 ஜூனில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் டயமண்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கணினியின் ஹார்டு டிஸ்க் இசையைப் பதிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அல்ல. ஆகவே அதிலிருந்து நகலெடுக்கும் ரியோ அந்தச் சட்டத்தின் கீழ் வராது என்றது. ஏற்கெனவே தன்னிடம் உள்ள இசையை வேறோர் இடத்தில் கேட்பதற்காக எடுத்துச் செல்வது தனிப்பட்ட பயன்பாடு என்றும் சொன்னது. பின்னால் வந்த பிளேயர்கள் அனைத்துக்கும் வழி திறந்த தீர்ப்பு அது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் குறித்துக்கொண்டது: ரியோவில் ஏறிய கோப்பை மீண்டும் கணினிக்கோ வேறு சாதனத்துக்கோ அனுப்ப முடியாது. பாடல்கள் பிளேயருக்குள் போகலாம், வெளியே வரக் கூடாது என்ற வடிவமைப்பு இப்படி முதல் தலைமுறையிலேயே அமைந்துவிட்டது.

ஐபாடின் அனுமானம்

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் ஐபாடை அறிவித்தது. 5 ஜிபி கொள்ளளவு, தோஷிபாவின் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க், ஃபயர்வயர் இணைப்பு, விலை 399 டாலர். ஆயிரம் பாடல்களைப் பத்து நிமிடத்துக்குள் ஏற்றிவிடலாம் என்றது ஆப்பிள். நொடிக்கு 12 மெகாபிட் வேகமே கொண்ட அன்றைய யூஎஸ்பி 1.1 இணைப்பில் நினைத்துப் பார்க்க முடியாத வேகம் அது.

வேகத்தைவிடப் பெரிய புதுமை ஒத்திசைவு முறை. அதே ஆண்டு ஜனவரியில் வெளிவந்திருந்த ஐட்யூன்ஸ் மென்பொருளின் பாடல் நூலகத்தை ஐபாட் அப்படியே பிரதிபலிக்கும். கணினியில் சேர்த்தால் ஐபாடில் சேரும், நீக்கினால் நீங்கும். பயனர் கோப்பு எதையும் தொட வேண்டியதில்லை. இதன் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: மூலம் கணினியில் இருக்கிறது, கணினி ஒன்றுதான், ஐபாடில் இருப்பது நகல் மட்டுமே. இரண்டாவது கணினியில் செருகினால், இந்த ஐபாட் வேறொரு நூலகத்துடன் இணைந்திருக்கிறது, இங்குள்ளதைக் கொண்டு எல்லாவற்றையும் மாற்றட்டுமா என்று ஐட்யூன்ஸ் கேட்கும். சம்மதித்தால் ஐபாடில் இருந்தவை அழியும். முதல் கணினியின் டிஸ்க் பழுதாகி, ஐபாடில் மட்டுமே பாடல்கள் எஞ்சியிருந்தவருக்கு அந்த ஒரு சம்மதம் பேரிழப்பு.

பதிப்புரிமை அச்சம் இந்த வடிவமைப்புக்கு ஒரு காரணம். ஐபாடின் மேலுறையிலேயே ‘இசையைத் திருடாதீர்கள்’ என்ற வாசகம் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. பாடல் எது, பாடியவர் யார், எந்த ஆல்பம் என்று ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறந்து படிக்க அந்தச் சிறிய கருவிக்கு நேரமும் பேட்டரியும் போதாது. ஆகவே அந்த வேலையைக் கணினியே செய்து, தயாரான அட்டவணையைக் கருவிக்குத் தந்தது. பொறியியல் தேவையும் வணிக எச்சரிக்கையும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது ‘ஒரு கணினி’ என்ற விதி உறுதியானது.

கைமுறை நிர்வாகம் என்ற தெரிவும் ஐட்யூன்ஸில் இருந்தது. அதை இயக்கினால் எந்தக் கணினியிலிருந்தும் பாடல்களை ஐபாடில் இழுத்துப் போடலாம். ஆனால் அந்தக் கணினிக்கு ஐபாடைப் படிக்கத் தெரிய வேண்டும்: மேக் கணினியில் அமைத்த ஐபாட் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறையிலும், விண்டோஸில் அமைத்தது ஃபேட்32 முறையிலும் இருக்கும். விண்டோஸுக்கு முன்னது தெரியாது. மேக்குக்கு இரண்டும் தெரியும். எனவே இரு வகைக் கணினிகளும் வைத்திருந்தவர்கள் ஐபாடை விண்டோஸில் அமைத்துக்கொண்டார்கள்.

உள்ளே இருப்பது என்ன?

ஐபாடை ஒரு டிஸ்க்காகத் திறந்து, மறைந்திருக்கும் கோப்புறைகளைக் காட்டச் சொன்னால் ‘ஐபாட்_கன்ட்ரோல்’ என்று ஒன்று தெரியும். அதற்குள் ‘மியூசிக்’; அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகக் கோப்புறைகள். பாடல்கள் அவற்றில் பரவிக் கிடக்கும். கோப்பின் பெயர் பாடலின் பெயராக இருக்காது; பொருளற்ற நான்கு ஆங்கில எழுத்துகளாக இருக்கும். எது எந்தப் பாட்டு என்ற தகவல் ‘ஐட்யூன்ஸ்டிபி’ என்ற தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. ஒரு பாடலை வெறுமனே அந்தக் கோப்புறைக்குள் நகலெடுத்துப் போட்டால் ஐபாட் அதைக் கண்டுகொள்ளாது. தரவுத்தளத்தில் பதிவில்லை என்றால் அந்தப் பாட்டு இல்லை.

இந்தக் கோப்புறைகளை அப்படியே புதிய கணினிக்கு நகலெடுத்து ஐட்யூன்ஸில் இழுத்துப் போட்டால் என்ன நடக்கும்? எம்பி3 கோப்புக்குள்ளேயே ஐடி3 குறிப்புகளாகப் பாடலின் பெயர், பாடியவர், ஆல்பம் ஆகியவை இருப்பதால் ஐட்யூன்ஸ் அவற்றைப் படித்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் பெயரிட்டு அடுக்கிவிடும். பாடல்கள் முழுதாகத் திரும்பிவிட்டன. ஆனால் பட்டியல்கள் வரவில்லை, நட்சத்திர மதிப்பீடுகள் வரவில்லை, கேட்ட கணக்கும் வரவில்லை. அவை கோப்புக்குள் இல்லை, தரவுத்தளத்தில் இருந்தன. கோப்பும் விவரமும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேட்ட கணக்கு ஏன் பல கணினிகளிடையே தடுமாறுகிறது என்பதற்கு இன்னொரு சிறிய கோப்பே விளக்கம். நாம் பாடல் கேட்கும்போது ஐபாட் தன் பெரிய தரவுத்தளத்தைத் திருத்துவதில்லை. ‘பிளே கவுண்ட்ஸ்’ என்ற தனிக் கோப்பில், கடைசி ஒத்திசைவுக்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறது. அதில் பாடல்களின் பெயர் இல்லை. தரவுத்தளத்தில் பாடல்கள் இருக்கும் வரிசைப்படி எண்கள் மட்டுமே உள்ளன. தானியங்கி ஒத்திசைவின்போது ஐட்யூன்ஸ் அதைப் படித்துத் தன் கணக்கில் கூட்டிக்கொள்ளும். ஒரே எண் இரண்டு முறை சேராமல் இருக்க, படித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடும். ஒரு கணினிக்கு இது பிழையற்ற ஏற்பாடு. இரண்டு கணினிகள் என்றால், இந்தத் தகவலை ஒரே ஒரு முறைதான் ஒரே ஒரு கணினி எடுத்துக்கொள்ள முடியும். இரண்டாவது கணினிக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

பூட்டுகளும் அவற்றை எதிர்த்தவர்களும்

பாடல்களை இணையத்தில் விற்கத் தொடங்கியதும் கட்டுப்பாடுகள் கூடின. 2003 ஏப்ரல் 28 அன்று திறந்த ஐட்யூன்ஸ் மியூசிக் ஸ்டோரில் வாங்கிய பாடல்களுக்கு ஃபேர்பிளே என்ற பூட்டு இருந்தது. மூன்று கணினிகளில் மட்டுமே அவற்றைக் கேட்கலாம்; அடுத்த ஆண்டு அது ஐந்தானது. சோனியின் மென்பொருள்கள் இன்னும் கடுமையானவை. ஒரு பாடலை மூன்று முறை மட்டுமே பிளேயருக்கு ‘கடன்’ கொடுக்கலாம். நான்காவது முறை வேண்டுமென்றால், கொடுத்ததில் ஒன்றை அதே கணினியில் திருப்பிச் செலுத்த வேண்டும். அந்தக் கணினி பழுதானால் கணக்கும் போயிற்று.

இதே காலத்தில் தன்னார்வ நிரலாளர்கள் ஐட்யூன்ஸ்டிபியின் அமைப்பை ஒவ்வொரு பைட்டாக ஆராய்ந்து பதிவுசெய்தார்கள். அதன் பலனாக லினக்ஸில் ஜிடிகேபாட், அதன் அடிப்படையான லிப்ஜிபாட், விண்டோஸில் எஃப்பாட், மேக்கில் செனூட்டி போன்றவை வந்தன. எந்தக் கணினியிலும் ஐபாடைச் செருகிப் பாடல்களை ஏற்றலாம், இறக்கலாம். 2001 டிசம்பரில் தொடங்கிய ராக்பாக்ஸ் திட்டம் இன்னும் ஆழமாகப் போய், பிளேயரின் இயங்கு மென்பொருளையே மாற்றியது. பல ஐபாட் வகைகளில் அதை நிறுவினால் சாதாரணக் கோப்புறைகளில் போட்ட பாடல்களை நேரடியாகக் கேட்கலாம்.

2007 செப்டம்பரில் வந்த ஐபாட்களில் ஆப்பிள் தரவுத்தளத்துடன் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்தது. அது பொருந்தாவிட்டால் ஐபாட் தன்னில் பாட்டே இல்லை என்று காட்டும். சில நாள்களிலேயே நிரலாளர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து வந்த மாற்றத்தைப் பற்றி ப்ளூவிக்கி என்ற தளத்தில் நடந்த கலந்துரையாடலை நீக்கச் சொல்லி 2008-இல் ஆப்பிள் சட்டக் கடிதம் அனுப்பியது. தளத்தை நடத்தியவர்கள் சார்பில் டிஜிட்டல் உரிமைகளுக்கான ஈஎஃப்எஃப் அமைப்பு 2009-இல் வழக்குத் தொடர, ஆப்பிள் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. தன் சொந்தக் கருவிக்குள் தன் பாடல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பேசும் உரிமைக்காகவே ஒரு வழக்கு தேவைப்பட்டது.

பூட்டுகளின் பயன் எவ்வளவு? 2007 பிப்ரவரியில் எழுதிய திறந்த கடிதத்தில் ஸ்டீவ் ஜாப்ஸே ஒரு கணக்குத் தந்தார்: சராசரி ஐபாடில் உள்ள இசையில் ஐட்யூன்ஸ் கடையில் வாங்கியது 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதி 97 சதவீதம் பூட்டில்லாதது. அந்தச் சிறு பகுதிக்காக எல்லாப் பாடல்களும் ஒருவழிப் பாதையில் நிறுத்தப்பட்டிருந்தன. 2009-இல் அந்தக் கடையின் பாடல்களிலிருந்து பூட்டு நீங்கியது. அதற்கு முன்பே, 2006-இல் வந்த ஐட்யூன்ஸ் 7, வாங்கிய பாடல்களை மட்டும் ஐபாடிலிருந்து அனுமதி பெற்ற கணினிக்கு இறக்கத் தந்தது. 2009-இல் வந்த ஐட்யூன்ஸ் 9, வீட்டிலுள்ள ஐந்து கணினிகளுக்குள் பாடல்களைப் பகிர வழி செய்தது.

கோப்பாகவே நடத்தும் பிளேயர்கள்

ஐபாடுக்கு வெளியே வேறு இரு வழிகள் இருந்தன. ஒன்று, பிளேயரைப் பென் டிரைவ் போலவே நடத்துவது. எந்தக் கணினியும் அதைப் படிக்கும், எழுதும். ஆனால் கணினி டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கும்போது பிளேயர் அதைத் தொட முடியாது. பாதியில் பிடுங்கினால் கோப்பு முறை சேதமாகும்.

மற்றது மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய எம்டிபி நெறிமுறை. கேமராக்களுக்கான பிடிபி-யிலிருந்து வளர்ந்தது. 2008-இல் யூஎஸ்பி தரமாக ஏற்கப்பட்டது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் கணினியில் தெரிவது இந்த முறையில்தான். டிஸ்க் போனின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். கணினி கோப்பு கோப்பாகக் கேட்டு வாங்கும். பாதுகாப்பானது, ஆனால் கோப்பின் நடுவில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியாது, முழுக் கோப்பையும் மீண்டும் அனுப்ப வேண்டும். மேக் கணினிகள் இதைத் தாமாகப் புரிந்துகொள்வதும் இல்லை. இரு வழிகளிலும் கோப்புகள் பயனர் கையில் இருக்கின்றன. ஒத்திசைவு என்ற பொறுப்பும் அவர் தலையிலேயே விழுகிறது.

ஒத்திசைவுக்கு நினைவு வேண்டும்

அந்தப் பொறுப்பின் மையத்தில் எளிதாகத் தோன்றும் ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. ஒரு பாடல் முதல் கணினியில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. முதலாவதில் புதிதாகச் சேர்ந்ததா, இரண்டாவதில் நீக்கப்பட்டதா? இன்றைய நிலையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. கடைசியாக ஒத்திசைத்தபோது இரண்டும் எப்படி இருந்தன என்ற நினைவு தேவை.

1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் உருவாக்கிய ஆர்சிங்க் கருவிக்கு அந்த நினைவு இல்லை. அது ஒருவழிக் கருவி. மூலம் எது என்று நாம் சொல்கிறோம், அது நகலைச் சரிசெய்கிறது. கணினியிலிருந்து பிளேயருக்கு ஏற்ற இது மிகப் பொருத்தம். திசையை மாற்றிச் சொல்லி, நீக்கும் தெரிவையும் கொடுத்துவிட்டால் மூலமே அழியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் தலைமையில் உருவான யூனிசன், ஒவ்வொரு ஒத்திசைவின் முடிவிலும் இருந்த நிலையைக் குறித்துவைத்துக்கொள்கிறது. அதனால் இருவழியும் இயங்கும். இரு பக்கமும் மாறிய கோப்பை நம்மிடம் காட்டி முடிவு கேட்கும். 2013-இல் தொடங்கிய சிங்திங் பல கணினிகளை ஒரே நேரத்தில் இணைக்கிறது. முரண்பட்ட கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் பக்கத்திலேயே வைக்கிறது.

நுட்பமான பொறிகளும் உண்டு. ஃபேட் கோப்பு முறை, கோப்பு மாறிய நேரத்தை இரண்டு நொடித் துல்லியத்தில்தான் எழுதும். நேரத்தை ஒப்பிடும் கருவி, பிளேயரிலுள்ள கோப்புகள் எல்லாம் மாறிவிட்டன என்று நினைத்து ஒவ்வொரு முறையும் மறுபடி நகலெடுக்கக் கூடும். ஆர்சிங்க்கில் இதற்கென்றே சலுகை நேரம் தரும் தெரிவு இருக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் சிக்கல் உண்டு. ஐடி3 குறிப்புக்குப் பின்னால் வெற்றிடம் விட்டிருப்பதால், பாடலின் பெயரைத் திருத்தினாலும் கோப்பின் அளவு மாறாமல் இருக்கலாம். திருத்தும் மென்பொருள் பழைய நேரத்தையும் காப்பாற்றினால், அளவையும் நேரத்தையும் மட்டும் பார்க்கும் கருவிக்கு அந்தத் திருத்தம் தெரியவே தெரியாது.

தமிழ்ப் பெயர்களுக்கு வரும் தனிச் சிக்கல்

பாடல்களைத் தமிழில் பெயரிட்டு வைப்போர் இன்னொன்றையும் சந்திக்கிறார்கள். ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது, அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது. திரையில் வேறுபாடு தெரியாது. கொ, கோ, கௌ வரிசைகள் முழுவதற்கும் இது பொருந்தும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் நாம் தட்டுவது பொதுவாகச் சேர்ந்த வடிவம். இவ்விரண்டும் பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, இரு வடிவங்களையும் வெவ்வேறு பெயர்களாகவே கருதும். விளைவு, ‘கோ’ உள்ள ஒவ்வொரு பாடலும் ஒத்திசைவுக்குப் பின் ஒரே பெயரில் இரண்டாகக் கிடக்கும். ஆர்சிங்க்கில் எழுத்து வடிவை மாற்றித் தரும் தெரிவும், சிங்திங்கில் தானாகச் சரிசெய்யும் அமைப்பும் உள்ளன. இது தெரிந்தால் பிழை ஐந்து நிமிடத்தில் தீரும்; தெரியாதவர் கோப்புகளை நீக்கிநீக்கிச் சலித்துப்போவார்.

பழைய எம்பி3-களில் உள்ள ஐடி3 முதல் பதிப்பில் பெயருக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். பத்துக் குறியீடுகளுக்குள் ஐந்தாறு எழுத்துகளே அடங்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி போன்ற எழுத்து முறைகளில் பெயரிட்டவை இன்று புரியாத குறிகளாகத் தெரிகின்றன. தமிழ்ப் பெயர்கள் பிழைக்க வேண்டுமென்றால், ஐடி3 இரண்டாம் பதிப்பில் யூனிகோடாக மாற்றி எழுதுவதே வழி.

மேகம் தந்ததும் எடுத்துக்கொண்டதும்

கேபிளே வேண்டாம் என்பது அடுத்த விடை. 2000-இல் எம்பி3.காம், பயனர் தன்னிடம் உள்ள சிடியைக் காட்டினால் அந்தப் பாடல்களை எந்தக் கணினியிலும் இணையம் வழியே கேட்கத் தந்தது. அதே ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் அது பதிப்புரிமை மீறல் என்றது. 2011-இல் அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றும் இசை நிறுவனங்களுடன் உடன்பட்டோ உடன்படாமலோ இதே எண்ணத்துக்குத் திரும்பின. ஆண்டுக்கு 24.99 டாலருக்கு வந்த ஐட்யூன்ஸ் மேட்ச், 25,000 பாடல்கள் வரை அடையாளம் கண்டு எல்லாச் சாதனங்களிலும் தந்தது.

மூலம் எது என்ற கேள்வியை மேகம் தீர்த்தது உண்மை: மூலம் நிறுவனத்தின் சர்வரில். அதற்கான விலையும் உண்டு. கூகுள் பிளே மியூசிக் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே பாடல்களை ஏற்றி வைத்திருந்தோர் குறித்த தேதிக்குள் அவற்றை இடம் மாற்றவோ இறக்கிக்கொள்ளவோ வேண்டியிருந்தது. 2022 மே மாதம் ஆப்பிள் ஐபாட் வரிசையை முடித்தபோது, சந்தாச் சேவைகள் அதன் இடத்தை நிரப்பியிருந்தன. சந்தா செலுத்துவோருக்கு ஒத்திசைவுக் கவலை இல்லை. ஆனால் எந்தச் சேவையிலும் கிடைக்காத கச்சேரிப் பதிவுகளையும், பழைய கேசட்டிலிருந்து மாற்றிய குரல்களையும் வைத்திருப்போருக்குக் கேள்வி அப்படியே இருக்கிறது.

எஞ்சும் முடிவுகள்

இவ்வளவு விடைகளையும் எடைபோட்டால் சில முடிவுகளுக்கு வரலாம். மூலம் ஒன்றாக இருக்க வேண்டும். அது கேட்பவரின் சொந்த டிஸ்க்கில், சாதாரணக் கோப்புறைகளில் இருக்க வேண்டும். வேறொரு டிஸ்க்கில் அதற்கு ஒரு காப்பு இருக்க வேண்டும். பிளேயரை ஒருபோதும் ஒரே இருப்பிடமாக நம்பக் கூடாது. மூலத்திலிருந்து பிளேயருக்கு ஒருவழி ஒத்திசைவே போதும். கணினிகளுக்கு இடையே இருவழி வேண்டுமென்றால் நினைவுள்ள கருவியைப் பயன்படுத்த வேண்டும். நீக்கும் தெரிவைக் கொடுக்கும் முன் ஒத்திகை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆர்சிங்க் போன்றவற்றில் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் வசதி இருக்கிறது.

விவரங்களைப் பொறுத்தவரை, இயன்றவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பது நல்லது. மதிப்பீட்டுக்கும் கேட்ட கணக்குக்கும் ஐடி3-இல் இடம் இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் அந்த எண்களை வெவ்வேறாகப் பொருள்கொள்வதுதான் குறை. பட்டியல்களை எம்3யூ கோப்புகளாக, டிரைவின் பெயர் வராத சார்புப் பாதையுடன் சேமித்தால் எந்தக் கணினியிலும் திறக்கும். ஐட்யூன்ஸ் பயன்படுத்தியவர்கள் அதன் எக்ஸ்எம்எல் நூலகக் கோப்பைப் பத்திரப்படுத்த வேண்டும். பட்டியல், மதிப்பீடு, கணக்கு மூன்றும் வேறு மென்பொருள்கள் படிக்கக்கூடிய வடிவில் இருப்பது அதில்தான்.

பல ஆண்டுகள் கேட்டு, பிரித்து, அடுக்கி உருவாக்கிய சேகரிப்பில் கோப்புகள் பாதிதான். எதை எப்போது எவ்வளவு விரும்பிக் கேட்டோம் என்ற பதிவு மறுபாதி. கோப்புகளைத் திருப்பி எடுக்கும் உரிமை நீண்ட போராட்டத்துக்குப் பின் கிடைத்தது. விவரங்களுக்கும் அதே உரிமையைக் கேட்க வேண்டிய நேரம் இது. ஒரு மென்பொருளையோ சேவையையோ தேர்ந்தெடுக்கும் முன், நான் சேர்ப்பதை முழுதாகத் திறந்த வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். முடியாது என்றால், எவ்வளவு வசதியாக இருந்தாலும் நம் சேகரிப்பை அதனிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.